இணைப்பு விமானமும் ஏழைப் பயணியும்

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர், சந்தவாசல்

சந்தவாசலிலிருந்து கல்லூரிக்கு வரும் என்போன்றோருக்கு வண்டி தவறுதல் என்பது புதிய செய்தியன்று. வேலூரிலிருந்து வரும் வண்டி கண்ணமங்கலத்திலேயே நிறைந்துவிட்டால் எங்கள் ஊரில் நில்லாமலே போய்விடும். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தில் ஏறுவதே ஒரு போர். போளூரில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிப்பதற்குள் அது புறப்பட்டுவிட்டால், முதல் பாடவேளை முடியும்போது வகுப்பறை வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். பேராசிரியப் பெருமக்கள் பலமுறை பொறுத்தருளியிருக்கிறார்கள்.

இந்த ஊர்வண்டியில் ஒரு நீதி இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். வண்டி நடுவழியில் பழுதாகி நின்றால், நடத்துநர் சாலையில் இறங்கி, பின்னால் வரும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, அதே சீட்டில் நம்மை ஏற்றிவிடுவார். மறுபடியும் காசு கேட்பதில்லை. ஆனால் போளூரில் நாமாக இறங்கி வேறு வண்டிக்கு மாறினால் கதை வேறு. அந்த வண்டிக்காரருக்கு நாம் யாரோ. நமக்காக அவர் காத்திருக்க மாட்டார். ஒரே சீட்டில் போகிறவனுக்கு வண்டிக்காரர் பொறுப்பு. இரண்டு சீட்டில் போகிறவனுக்கு அவன் தலைவிதிதான் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயாவுக்கும் இந்தச் சட்டம் தெரியும்.

இதே சட்டம்தான் உலகத்தின் மிகப் பெரிய விமான நிலையங்களிலும் நடக்கிறது என்பதையும், அது அங்கே எங்கள் மக்களுக்குத் தெரியாமல் போனதால் என்ன நேர்ந்தது என்பதையும் எழுதவே இக்கட்டுரை. விமானமே ஏறாத மாணவனுக்கு விமான நிலையத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிவது வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தால். விமானம் இன்று செல்வர்களின் ஊர்தி மட்டுமன்று. கூலிக்காரனின் ஊர்தியும் ஆகிவிட்டது.

என் மாமாவுக்கு நேர்ந்தது

என் அம்மாவின் அண்ணன் வளைகுடா நாடொன்றில் பதினொரு ஆண்டுகளாகச் சாரம் கட்டும் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு தை மாதத்தில் எங்கள் ஆயா காலமானார். மூத்த மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று உடலைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மாமா ஒரு முகவரிடம் அவசரமாகச் சீட்டு வாங்கினார். நேரே சென்னைக்கு வரும் விமானத்தில் இடமில்லை. இருந்த சீட்டும் விலை அதிகம். ஆகவே முகவர், ஒரு விமானத்தில் ஒரு பெரிய நிலையத்துக்கு வந்து அங்கே வேறு நிறுவனத்தின் விமானம் ஏறுமாறு இரண்டு சீட்டுகளைப் போட்டுக் கொடுத்தார். நடுவே இரண்டரை மணி நேரம் இருந்தது. போதும் என்று எல்லோருமே நினைத்தோம்.

முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. மாமா இறங்கி ஓடியபோது சென்னை விமானத்தின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது நிறுவனத்தார், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, சீட்டு செல்லாது" என்றார்கள். முதல் நிறுவனத்தார், "எங்கள் சீட்டு இந்த ஊர் வரைதான், உங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் புத்தகப்படி சரியே. நடுவில் நின்ற மனிதனுக்குத்தான் எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. விசா இல்லாததால் வெளியே போக முடியாது. புதுச் சீட்டு வாங்கக் கையில் பணமில்லை. அறையில் உடன் தங்கியிருந்த தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேறு சீட்டு வாங்கி அனுப்பும்வரை, இருபத்திரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஊர்ப் பெரியவர்கள், "இனியும் வைத்திருக்கக் கூடாது" என்றார்கள். சின்ன மாமா கொள்ளி வைத்தார். மூத்தவர் வந்து சேர்ந்தது மறுநாள் பால் தெளித்து முடிந்த பிறகு.

சில நாள் கழித்து நான் கேட்டேன்: "மாமா, அந்த முதல் விமானத்துக்காரங்க கிட்ட சாப்பாடாவது, படுக்க இடமாவது கேட்டிருக்கலாமே?"

"இன்னான்னு கேக்கறது கண்ணு? ஆரைக் கேக்கறது?" என்றார் அவர்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடித்தான் நான் பல நாள் படித்தேன். படித்ததை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

இணைப்பு ஏன் தவறுகிறது?

பெரிய விமான நிலையங்கள் பலவும் அலை போல இயங்குகின்றன. பல ஊர்களிலிருந்து வரும் விமானங்கள் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கூட்டமாக வந்திறங்கும். ஓரிரு மணி நேரத்தில் மற்றொரு கூட்டம் புறப்படும். வந்த அலையில் இறங்கியவர்கள் போகும் அலையில் ஏறிக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டினால்தான் சிறு ஊர்களிலிருந்தும் உலகின் எந்த மூலைக்கும் குறைந்த செலவில் போக முடிகிறது. ஆனால் ஒரு விமானம் பிந்தினால் அதிலுள்ளவர்களின் இணைப்புகள் பலவும் ஒருங்கே அறுபடுகின்றன.

மேலும், ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறக்கிறது. காலையில் ஓர் ஊரில் மூடுபனியால் ஒரு மணி நேரம் நின்றால், மாலையில் வெயிலடிக்கும் வேறோர் ஊரில் இருப்பவரும் காத்திருக்க நேர்கிறது. விமானிகளின் வேலை நேரத்துக்கும் எல்லை உண்டு. களைத்த விமானி ஓட்டக்கூடாது என்பது பயணிகளின் உயிரைக் காக்கும் விதி. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இந்தியாவின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ, புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்பத் தன்னை முன்கூட்டியே ஆயத்தப்படுத்திக்கொள்ளாததால் நாடே தடுமாறியது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் அதன் 1000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

இதனால்தான் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் "குறைந்தபட்ச இணைப்பு நேரம்" என்று ஒன்றை வகுத்திருக்கிறார்கள். ஒரே சீட்டாக விற்கும் நிறுவனம் அந்த அளவுக்குக் குறைவான இடைவெளியில் இணைப்பை விற்பதில்லை. ஆனால் இரண்டு தனிச் சீட்டுகளை ஒட்டிக் கொடுக்கும் முகவரை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. பெட்டியைக்கூட இடையில் வெளியே போய் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்; விசா இல்லாதவன் எப்படி வெளியே போவான்? மலிவு என்று நாம் வாங்குவது பயணத்தை மட்டுமன்று. அதன் ஆபத்து முழுவதையும் சேர்த்தே வாங்குகிறோம்.

துபாயில் பெய்த மழை

பெரிய நிலையம், பணக்கார நிலையம் என்றால் குழப்பமே வராது என்று எண்ண வேண்டா. வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையில் உலகின் முதலிடத்திலுள்ள துபாய் விமான நிலையத்தை 2024-இல் பயன்படுத்தியவர்கள் 9 கோடிக்கும் மேல். அதே ஆண்டு ஏப்ரல் 16 அன்று அந்நாட்டில் 1949-இல் பதிவேடு தொடங்கியதிலிருந்து கண்டிராத மழை பெய்தது. ஓடுபாதையை ஒட்டி வெள்ளம் நின்றது. இரண்டு நாளில் 1,244 விமானங்கள் ரத்தாயின. 41 விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. எமிரேட்ஸ் நிறுவனம் 12,000 விடுதி அறைகளையும் 2,50,000 உணவுச் சீட்டுகளையும் கொடுத்தது. பயணிகளைப் பிரிந்த பெட்டிகள் மட்டும் ஏறத்தாழ 30,000. இணைப்புப் பயணிகளை ஏற்றிக்கொள்வதையே அந்நிறுவனம் சிறிது காலம் நிறுத்திவைத்தது. தங்கள் செயல்பாடு குறைவற்றதாக இல்லை என்று அதன் தலைவர் பயணிகளுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்.

இதில் நான் கற்றவை இரண்டு. மழையை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் மழைக்குப் பின் நடப்பது மனிதர் கையில் இருக்கிறது. அடுத்தது, பசியைவிடப் பயணியை வாட்டுவது செய்தி தெரியாமை. என்ன நடக்கிறது என்று எவரும் சொல்லவில்லை என்பதே அந்நாளில் பயணிகள் பலரின் குறையாக இருந்தது.

நம் சென்னையும் இதற்கு விலக்கன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் நீர் தேங்கி மீண்டும் மூடப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-ஆம் ஆண்டிலேயே விதிகளை வகுத்து, பின்னர் பலமுறை திருத்தியும் இருக்கிறது. குறுகிய தூர விமானம் 2 மணி நேரம் பிந்தினால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். தூரம் கூடக்கூட இந்த அளவு 3 மணி, 4 மணி என ஆகும். 24 மணிக்கு மேல் பிந்தினாலும், இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டியது 6 மணிக்கு மேல் பிந்தினாலும் தங்குமிடம் தர வேண்டும். புயல், வெள்ளம் போன்றவற்றுக்குப் பண இழப்பீடு இல்லை.

ஐரோப்பிய நாடுகள் 2004-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே முன்பதிவில் சென்றவர் இணைப்பைத் தவறவிட்டு, இறுதி ஊரை 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தி அடைந்தால், தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. எவராலும் தவிர்க்க முடியாத காரணமாயின் இல்லை. எத்தனை மணிக்குப் புறப்பட்டான் என்பதன்று கணக்கு. எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தான் என்பதே கணக்கு. இதுவன்றோ பயணியின் கண்கொண்டு பார்க்கும் சட்டம்!

1999-இல் மாண்ட்ரியல் நகரில் உருவான உலக உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் தாமதத்தால் பயணிக்கு வரும் நட்டத்துக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்று அது கூறுகிறது. தடுக்கத் தக்க முயற்சி எல்லாம் செய்தோம் என்று மெய்ப்பித்தால் மட்டுமே நிறுவனம் தப்பலாம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

நம் உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அளித்த ஒரு தீர்ப்பு என்னை மிகவும் கவர்ந்தது. 2016-இல் ஒரு குடும்பத்தார் ரயிலில் ஜம்முவுக்குப் போய், அங்கிருந்து ஸ்ரீநகருக்கு விமானம் ஏற இருந்தனர். ரயில் 4 மணி நேரம் தாமதமாகச் சென்றதால் விமானம் போய்விட்டது. ரயில் சீட்டு வேறு, விமானச் சீட்டு வேறு. ஆயினும், தாமதத்துக்குத் தக்க காரணத்தை ரயில்வே மெய்ப்பிக்காததால், அவர்கள் பிடித்த டாக்சிக்கு 15,000 ரூபாயும், வீணான முன்பதிவுக்கு 10,000 ரூபாயும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் வேறு தொகையும் தர வேண்டும் என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. "எங்கள் சீட்டு இந்த ஊர் வரைதான்" என்ற சொல் எப்போதும் செல்லுபடியாகாது என்பதற்கு இத்தீர்ப்பு சான்று. முதல் வண்டிக்காரன் பிந்தியதால் இரண்டாம் வண்டி போயிற்று என்பதை நீதிமன்றம் கண்டுகொள்கிறது. விமான நிலையத்து மேசைதான் கண்டுகொள்ள மறுக்கிறது.

அழுத பிள்ளைக்கு மட்டும்தானா பால்?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. விமான நிலையத்தில் இன்று நடப்பதும் அதுவே. ஆங்கிலம் தெரிந்தவர் மேசைமுன் நின்று விதியைச் சொல்லி வாதாடுகிறார். அவருக்கு உணவுச் சீட்டு வருகிறது, விடுதி வருகிறது, அடுத்த விமானத்தில் இடம் வருகிறது. அதே விமானத்தில் வந்த சாரம் கட்டும் தொழிலாளி சுவரோரமாகத் துண்டை விரித்துப் படுக்கிறார். உரிமை இருவருக்கும் ஒன்றே. ஒருவர் கேட்டார், ஒருவர் கேட்கவில்லை. கேட்டால்தான் கிடைக்கும் என்றால் அதற்கு உரிமை என்று பெயரா, சலுகை என்று பெயரா?

மொழி இங்கே பெருந்தடை. விமான நிலைய அறிவிப்புகளை முதலில் அந்தந்த மாநில மொழியில் செய்ய வேண்டும் என்று நடுவணரசு 2018 டிசம்பரில் ஆணையிட்டது, வரவேற்கத்தக்கது. ஆனால் சத்தத்தைக் குறைப்பது என்ற பெயரில் பெரிய நிலையங்கள் பலவற்றில் ஒலிபெருக்கி அழைப்பையே குறைத்துவிட்டார்கள். எல்லாம் ஒளித்திரையில் ஓடுகிறது. படிக்கத் தெரிந்தவனுக்கு அமைதி. தெரியாதவனுக்கு அது ஊமை நிலையம்.

விமான நிறுவனங்களின் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாமதம் அனைத்துக்கும் பணம் தரச் சொன்னால் கட்டணம் ஏறும். ஏழை மறுபடியும் தரையில்தான் நிற்பான். இவ்வாதத்தில் உண்மை உண்டு. மழைக்கும் மூடுபனிக்கும் நான் பணம் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர், உண்ண உணவு, தலை சாய்க்க ஓர் இடம், தன் மொழியில் ஒரு சொல், அடுத்த விமானத்தில் ஓர் இருக்கை: இவற்றைக் கேளாமலே கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதிலும் சாவுக்குப் போகிறவனை முதலில் ஏற்றுங்கள். எங்கள் ஊர்வண்டியில் அப்படிப்பட்டவருக்கு எழுந்து இடம் கொடுக்காதவர் இல்லை.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்ய வேண்டியவை சில உண்டு. வெளிநாடு செல்லும் தொழிலாளர்க்குப் புறப்படுமுன் தரும் பயிற்சியில், சீட்டைப் படிப்பது எப்படி, இணைப்பு தவறினால் என்ன செய்வது என்ற பாடத்தைச் சேர்க்க வேண்டும். நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறை இதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு வழங்கலாம். சீட்டு விற்கும் முகவர், "இது ஒரே சீட்டா, இரண்டு சீட்டா, இணைப்பு தவறினால் யார் பொறுப்பு" என்பதைத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்று விதி வர வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை, மனம் ஒன்றே வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டிக் காத்திருக்க வேண்டுமா? நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். கல்லாத தலைமுறைக்கும் காகிதங்களால் ஆளப்படும் இவ்வுலகத்துக்கும் நடுவே உள்ள இணைப்பு நாம்தான். நாமும் தவறிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், தெருவைத் தூய்மை செய்கிறோம். ஒரு மாலையை ஒதுக்கி, வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டாரை அழைத்து இவற்றைச் சொல்லித் தரலாகாதா?

சீட்டு வாங்குமுன், முன்பதிவு எண் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒன்றே ஆயின் வழியில் எது நேர்ந்தாலும் கேட்க வழியுண்டு. கொஞ்சம் விலை கூடினாலும் ஒரே சீட்டே நன்று. இரண்டுதான் கிடைக்கும் என்றால் நடுவே அரைநாளாவது இடைவெளி விடுங்கள். முதல் விமானம் பிந்துகிறது என்று தெரிந்த கணமே பணிப்பெண்ணிடம் அடுத்த சீட்டைக் காட்டுங்கள். இறங்கியதும் கடைகளின் பக்கம் போகாமல் இணைப்புப் பயணிகளுக்கான மேசைக்குப் போங்கள். தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏறுசீட்டின் பாதியைக்கூட எறியாதீர்கள். நாளை வழக்குமன்றத்தில் அதுவே சாட்சி. இந்திய விமான நிலையமாயின், 2016-இல் நடுவணரசு தொடங்கிய ஏர்சேவா தளத்தில் குறையைப் பதியலாம்; நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

என் மாமா காரியம் முடிந்து பதினாறாம் நாளுக்குப் பின் திரும்பிப் போனார். இம்முறை ஒரே சீட்டு. நான் உடனிருந்து பார்த்து வாங்கினேன். புறப்படும் முன் ஒரு தாளில், மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும், "என் விமானம் தாமதமானதால் அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். மாற்று இடமும் உணவும் தங்குமிடமும் தாருங்கள். தாமதத்தின் காரணத்தை எழுதித் தாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஆயாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பேற்றை அந்தத் தாள் அவருக்குத் திருப்பித் தராது. இன்னொருவர் வீட்டிலாவது அது தவறாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலிருந்து எவரேனும் கடல் கடந்து போயிருந்தால், இன்றிரவே அவர்க்கு ஒரு தாள் எழுதுங்கள்.